நீண்டகாலப் புகைப்பழக்கமும் ரத்தக்கட்டி கரையும் திறனும்: புகைப்பவருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி

புகைப்பழக்கம் என்றதும் நுரையீரலைப் பற்றிய அச்சமே முதலில் எழுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் அந்தப் பழக்கத்தால் எப்படி வருகின்றன என்று கேட்டால், ரத்தக்குழாயில் கொழுப்பு படிகிறது என்ற விடையோடு பெரும்பாலோர் நின்றுவிடுவார்கள். கொழுப்புப் படிவு இருபது முப்பது ஆண்டுகளில் குழாயைக் குறுக்குகிறது என்பது சரியே. ஆனால் குறுகிய குழாயைச் சில நிமிடங்களில் முழுவதுமாக அடைத்து, இதயத்தசையையோ மூளைத்திசுவையோ சாகச் செய்வது பெரும்பாலும் ஒரு ரத்தக்கட்டி. அப்படி உருவாகும் கட்டியைத் தானே கரைத்துக்கொள்ளும் ஏற்பாடு நம் உடலில் பிறவியிலேயே இருக்கிறது என்பதும், நீண்டகாலப் புகை அந்த ஏற்பாட்டைக் கெடுக்கிறது என்பதும் போதுமான அளவு பேசப்படாத செய்திகள்.

நீங்கள் பல ஆண்டுகளாகப் புகைப்பவராகவோ, அப்படிப்பட்ட ஒருவரோடு வாழ்பவராகவோ இருந்தால், அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, எங்கே பழுதுபடுகிறது, அதை மீட்க என்ன செய்யலாம் என்பதை அறிந்துகொள்ள இந்த வழிகாட்டி உதவும். உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்று ஆகாது. அந்த ஆலோசனையைச் சரியான கேள்விகளோடு பெறுவதற்கான ஆயத்தம் என்று கொள்ளுங்கள்.

உடல் கட்டியைக் கரைக்கும் விதம்

ரத்தக்குழாயில் காயம் ஏற்பட்டவுடன் தட்டணுக்கள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. அதே வேளையில், கல்லீரல் உருவாக்கி ரத்தத்தில் கலந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம், த்ராம்பின் என்ற நொதியால் ஃபைப்ரின் இழைகளாக மாறி, தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் வலைபோலப் பின்னிக் கட்டியை உறுதியாக்குகிறது. காயம் ஆறியபின் இந்த வலை அகற்றப்பட வேண்டும். அந்த வேலையைச் செய்வது பிளாஸ்மின் என்ற நொதி. பிளாஸ்மின் எப்போதும் செயலில் இருந்தால் எங்கும் ரத்தம் கசியும் என்பதால், உடல் அதைப் பிளாஸ்மினோஜன் என்ற செயலற்ற வடிவத்தில் ரத்தத்தில் வைத்திருக்கிறது. தேவைப்படும் இடத்தில் அதைத் தட்டி எழுப்புவது டி.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் திசுப் பிளாஸ்மினோஜன் செயலூக்கி.

இந்த டி.பி.ஏ. எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நம் விஷயத்தின் மையம் இருக்கிறது. ரத்தக்குழாய்களின் உட்புறத்தை ஒற்றை அடுக்காகப் போர்த்தியிருக்கும் எண்டோதீலியம் என்ற செல்படலமே அதைத் தயாரித்துச் சேமித்து வைக்கிறது. அருகில் கட்டி உருவாகும் அறிகுறி தெரிந்ததும் அந்தச் செல்கள் தம் சேமிப்பை உடனடியாக வெளியே விடுகின்றன. ரத்தத்தில் டி.பி.ஏ. நிலைத்திருப்பது சில நிமிடங்கள் மட்டுமே. எனவே எப்போதோ வெளிவந்த டி.பி.ஏ.யால் இப்போது உருவாகும் கட்டிக்குப் பயனில்லை. தேவை எழும் அந்த நேரத்தில், அந்த இடத்தில் அது சுரந்தாக வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் பி.ஏ.ஐ.-1 என்ற தடுப்புப் புரதம் இருக்கிறது. அது டி.பி.ஏ.யைப் பற்றிப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. சுரப்பின் வேகமும் தடுப்பின் அளவும் எப்படி அமைகின்றன என்பதைப் பொறுத்தே ஒரு சிறு கட்டி தானாகக் கரைந்து, நமக்குத் தெரியாமலேயே மறைவதும், வளர்ந்து குழாயை அடைப்பதும் தீர்மானிக்கப்படுகின்றன.

நீண்டகாலப் புகை எங்கே கைவைக்கிறது

முதல் அடி எண்டோதீலியத்தின் மேல் விழுகிறது. புகையில் உள்ள வினைத்திறன் மிகுந்த துகள்கள், அந்தப் படலம் உருவாக்கும் நைட்ரிக் ஆக்சைடை அழிக்கின்றன. குழாயைத் தளர்த்துவதும், தட்டணுக்கள் ஒட்டாமல் காப்பதும் அந்த நைட்ரிக் ஆக்சைடுதான். ஒருமுறை இருமுறை நேரும் சேதத்தைச் செல்கள் சரிசெய்துகொள்ளும். நாள்தோறும் பலமுறை, ஆண்டுக்கணக்கில் அடி விழும்போது அவை நிரந்தரமான அழற்சி நிலைக்குப் போய்விடுகின்றன, அப்போது டி.பி.ஏ.யை உரிய நேரத்தில் சுரக்கும் திறன் குன்றுகிறது.

இதை 1999-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் நேரடியாகவே அளந்து காட்டினார்கள். ஆரோக்கியமாக இருந்த புகைப்பவர்களின் முன்கைத் தமனியில், எண்டோதீலியத்தைத் தூண்டும் ஒரு பொருளைச் செலுத்தி, அங்கே எவ்வளவு டி.பி.ஏ. வெளிவருகிறது என்று பார்த்தபோது, புகைக்காதவர்களைவிட அது தெளிவாகக் குறைவாக இருந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் இதயத்தின் சொந்தத் தமனிகளிலும் இதே குறைபாடு காணப்பட்டது. இந்த முடிவுகளை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில் சாதாரணமாக ஓய்வில் இருக்கும் ஒருவரின் ரத்தத்தைச் சோதித்தால் இந்தக் குறை தெரிவதில்லை. அவசரம் நேரும்போதுதான் தெரிகிறது. ஏரி நிரம்பியிருந்தும் வேண்டிய வேளையில் மடை திறக்காவிட்டால் வயல் காய்வதைப்போல, புகைப்பவரின் உடலில் பொருள் ஓரளவு இருந்தும் அது போய்ச் சேர வேண்டிய நேரத்தில் சேர்வதில்லை.

இரண்டாவதாக, புகை உண்டாக்கும் தொடர் அழற்சியால் பி.ஏ.ஐ.-1 மிகுகிறது, சுரப்பு குறைந்த நேரத்தில் தடுப்பு கூடுவதால் சேதம் இரட்டிப்பாகிறது. மூன்றாவதாக, கரைக்கப்பட வேண்டிய கட்டியின் தன்மையே மாறிவிடுகிறது. புகைப்பவர்களின் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் அதிகமாக இருக்கும். அதிலிருந்து உருவாகும் ஃபைப்ரின் இழைகள் மெலிந்து, நெருக்கமாகப் பின்னப்பட்டிருப்பதால், பிளாஸ்மினால் அவற்றினுள் எளிதில் ஊடுருவ முடிவதில்லை. இதனுடன் கார்பன் மோனாக்சைடின் பங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்வதால், ஆக்சிஜன் பற்றாக்குறையை ஈடுசெய்ய உடல் கூடுதல் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ரத்தம் தடித்து, ஓட்டம் மந்தமாகிறது. மந்தமான ஓட்டத்தில் கட்டி எளிதில் உருவாகும். உருவான கட்டியைக் கரைக்கும் நொதிகள் அதனிடம் போய்ச் சேர்வதும் தாமதமாகும்.

காலை நேரத்தைப் பற்றித் தனியே ஒரு சொல் சொல்ல வேண்டும். பி.ஏ.ஐ.-1 எல்லோருக்குமே விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். அதனால் கட்டி கரையும் திறன் அந்த நேரத்தில் இயல்பாகவே குறைவு. மாரடைப்புகள் காலையில் அதிகம் நிகழ்வதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. தீவிரமாகப் புகைப்பவர்கள் எழுந்த அரைமணி நேரத்துக்குள் பற்றவைக்கும் முதல் சிகரெட், உடலின் காப்பு மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில் தட்டணுக்களைத் தூண்டி, இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. முழுவதுமாக நிறுத்தும் நாளுக்கு முந்தைய வாரங்களில் எந்தச் சிகரெட்டை முதலில் விடுவது என்று கேட்பவர்களிடம், காலையின் முதல் சிகரெட்டையே நான் சொல்வேன். விடுவதற்கு அதுவே மிகக் கடினமானது என்பதை அறிந்தே சொல்கிறேன்.

‘நான் ஒன்றிரண்டுதான் புகைக்கிறேன்’ என்பவர்களுக்கு

கட்டி தொடர்பான ஆபத்து, புகைக்கும் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. 2018-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்குக் கூட, 20 சிகரெட் புகைப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி இருப்பதைக் காட்டியது. எண்டோதீலியமும் தட்டணுக்களும் மிகக் குறைந்த அளவுப் புகைக்கே முழு வீச்சில் எதிர்வினை செய்துவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே இருபதை ஐந்தாகக் குறைப்பது நிறுத்துவதற்கான ஒரு படியாக இருக்கலாமே தவிர, அங்கேயே நின்றுவிட்டால் ரத்தக்குழாய்க்குக் கிடைக்கும் நன்மை எதிர்பார்ப்பதைவிட மிகச் சிறிது. சுருட்டு, பீடி, ஹூக்கா ஆகியவற்றின் புகையும் எரிந்த இலையின் புகைதான். வீட்டில் பிறர் விடும் புகையைச் சுவாசிப்பவர்களின் தட்டணுக்களும் எண்டோதீலியமும்கூடப் பாதிக்கப்படுகின்றன.

மருத்துவ நூல்களில் ‘புகைப்பவரின் முரண்’ என்று ஒன்று பேசப்படுவதை எங்காவது படித்துவிட்டுச் சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து மாரடைப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்ட காலத்தில், புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிட நன்றாகப் பிழைத்ததாகப் புள்ளிவிவரங்கள் காட்டின. அதன் விளக்கம் ஆறுதல் தருவதாக இல்லை. மாரடைப்போடு வந்த புகைப்பவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இளையவர்களாக இருந்தார்கள். கொழுப்புப் படிவு அதிகம் இல்லாத குழாயிலும் அவர்களுக்குப் பெரிய கட்டி உருவாகியிருந்ததால், வெளியிலிருந்து மருந்து கொடுத்தபோது அடைப்பு திறந்தது. பத்து ஆண்டுகள் முன்கூட்டியே மாரடைப்பு வந்ததை நன்மை என்று யாரும் கொள்ள முடியாது.

பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளலாமா

இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. கட்டி கரையும் திறனை அளந்து, இவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்லும் வழக்கமான பரிசோதனை எதுவும் மருத்துவமனை நடைமுறையில் இல்லை. டி-டைமர் என்ற பரிசோதனையைச் சிலர் தாமாகவே செய்துகொள்கிறார்கள். அது, உடலில் எங்காவது கட்டி உருவாகிக் கரைந்துகொண்டிருக்கிறதா என்பதைக் காட்டும் ஒரு குறி. காலின் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ கட்டி இருக்கலாம் என்ற ஐயம் எழும்போது, அது இல்லை என்று உறுதிசெய்ய மருத்துவர்கள் பயன்படுத்துவது. தொற்று, வயது, கர்ப்பம், அறுவைச் சிகிச்சை எனப் பல காரணங்களால் அது உயரும். டி.பி.ஏ.யின் அளவை அளக்கும் ஆய்வக முறைகளும் தவறான எண்ணத்தை ஊட்டக்கூடும். ஏனெனில் புகைப்பவர்களின் ரத்தத்தில் அதன் மொத்த அளவு கூடுதலாகவே தெரியலாம். அதில் பெரும்பகுதி பி.ஏ.ஐ.-1-இன் பிடியில் செயலற்றுக் கிடப்பது அந்த எண்ணில் தெரியாது.

அந்தப் பணத்தையும் கவலையையும் பயனுள்ள அளவீடுகளில் செலவிடுங்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகள், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு, அவற்றோடு உங்கள் புகைப்பழக்கத்தையும் குடும்ப வரலாற்றையும் சேர்த்து, அடுத்த பத்தாண்டுகளில் உங்களுக்குள்ள இதயநோய் ஆபத்தைக் கணித்துச் சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள். முழு ரத்த எண்ணிக்கையில் ஹீமோகுளோபின் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால், அது புகையினால் வந்ததா என்றும் கேட்டு அறியுங்கள்.

நிறுத்துவது எப்படி

கரைக்கும் திறனை மீட்பதற்கு நிரூபணமான மாத்திரை ஏதும் இல்லை. புகையை முழுவதுமாக நிறுத்துவதே சேதத்தின் ஊற்றை அடைக்கும் வழி. அதை மனவுறுதியின் சோதனையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நிகோடின் அடிமைத்தனம் ஒரு மருத்துவப் பிரச்சினை. மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு கணிசமாகக் கூடும் என்பது பலமுறை உறுதியாகிவிட்டது.

முதலில் உங்கள் அடிமைத்தனத்தின் அளவை அறியுங்கள். எழுந்த எத்தனை நிமிடங்களில் முதல் சிகரெட் என்பதே மிக நல்ல குறி. 30 நிமிடங்களுக்குள் என்றால் அடிமைத்தனம் அதிகம் என்று கொண்டு, மருந்தின் அளவையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, இரண்டு வாரங்களுக்குள் ஒரு நாளை நிறுத்தும் நாளாகக் குறித்து, வீட்டாரிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அந்த நாளுக்கு முந்தைய இரவு சிகரெட், தீப்பெட்டி, சாம்பல் தட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அவசரத்துக்கு என்று ஒன்றை ஒளித்து வைப்பவர்கள் அதையே தேடிப் போவார்கள்.

ஒட்டுப்பட்டை, மெல்லும் கோந்து போன்றவற்றின் வழியே புகையின்றி நிகோடினை மட்டும் தரும் நிகோடின் மாற்றுச் சிகிச்சையைப் பற்றி ஓர் ஐயம் புகைப்பவர்களிடமும், சில வேளைகளில் அவர்களது குடும்பத்தாரிடமும் இருக்கிறது: நிகோடினும் ரத்தக்குழாயைக் கெடுக்காதா? நிகோடின் இதயத்துடிப்பைக் கூட்டும், குழாயை ஓரளவு சுருக்கும் என்பது உண்மை. ஆனால் கட்டி தொடர்பான சேதத்தின் பெரும்பகுதி எரிதலால் பிறக்கும் பொருள்களிலிருந்தும் கார்பன் மோனாக்சைடிலிருந்தும் வருகிறது. ஒட்டுப்பட்டையிலும் மெல்லும் கோந்திலும் அவை இல்லை. நிலையான இதயநோய் உள்ளவர்களுக்கும் இச்சிகிச்சை பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது. கடந்த இரண்டு வாரங்களுக்குள் மாரடைப்பு வந்தவர்களும், கட்டுப்படாத நெஞ்சுவலி அல்லது கடுமையான இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்க வேண்டும்.

நாளுக்குப் பத்துக்கும் மேல் புகைப்பவர்கள் பொதுவாக 21 மி.கி. ஒட்டுப்பட்டையில் தொடங்கி, ஆறு வாரங்கள் கழித்து 14 மி.கி.க்கும், அதன்பின் 7 மி.கி.க்கும் இறங்குவார்கள். மயிரில்லாத, உலர்ந்த தோலில், நாள்தோறும் வேறு வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். பட்டை சீரான அளவைத் தருமே தவிர, திடீரென எழும் வேட்கையை அது மட்டும் அடக்காது. அதற்கு மெல்லும் கோந்தையும் சேர்த்துக்கொள்வது தனியாக ஒன்றைப் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. கோந்து 2 மி.கி., 4 மி.கி. என இரு அளவுகளில் கிடைக்கும். எழுந்த 30 நிமிடங்களுக்குள் புகைப்பவர்களுக்கு 4 மி.கி. பொருந்தும். மிட்டாயைப்போல விடாமல் மெல்லக் கூடாது. காரமான சுறுசுறுப்பு தெரியும்வரை மெதுவாக மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, சுறுசுறுப்பு அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும். காபி, பழச்சாறு போன்ற புளிப்புத்தன்மை உள்ள பானங்கள் நிகோடின் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், பதினைந்து நிமிடம் முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்க வேண்டும். கோந்து பயனளிக்கவில்லை என்று கைவிடுபவர்களில் பலர் அதை மெல்லும் முறையில்தான் தவறுகிறார்கள்.

வேரெனிக்லின், புப்ரோப்பியான் ஆகிய மாத்திரைகள் மருத்துவரின் சீட்டோடு பெற வேண்டியவை. வேரெனிக்லின் நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே சிறிய அளவில் தொடங்கப்பட்டு, வழக்கமாக 12 வாரங்கள் தரப்படுகிறது. குமட்டலைக் குறைக்க உணவுக்குப் பின் ஒரு குவளை நீரோடு எடுத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் குறைபாடு இருந்தால் அளவை மாற்ற வேண்டியிருக்கும். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோப்பியான் கூடாது.

எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் ஆகியவை முதல் வாரத்தில், குறிப்பாக இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைந்து, பின் சில வாரங்களில் அடங்கும். ஒவ்வொரு வேட்கை அலையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நிமிடங்களில் எழுந்து நடப்பது, நீர் அருந்துவது, யாருடனாவது பேசுவது ஆகியவற்றில் எது உங்களுக்கு உதவுகிறது என்று பார்த்து அதையே பழக்கமாக்குங்கள். இடையில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டால், அந்த முயற்சி தோற்றுவிட்டதாகக் கருதி முழுப் பெட்டியை வாங்காதீர்கள்; மருந்தைத் தொடர்ந்து, எந்தச் சூழல் உங்களை வழுக்கியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தார் கண்டித்துப் பேசுவது இந்த வாரங்களில் பயன் தருவதில்லை. எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு அருகில் இருப்பதே பெரிய உதவி.

நிறுத்தியபின் உடல் மீளும் வரிசை

கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாட்களில் ரத்தத்தை விட்டு நீங்கிவிடும். தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை இரண்டு வாரங்களிலேயே குறைவதைக் காண முடிகிறது. ஃபைப்ரினோஜன் மெதுவாக இறங்கும். எண்டோதீலியத்தின் இயக்கம் மாதங்கள் செல்லச் செல்ல மேம்படுகிறது. இதயநோயின் கூடுதல் ஆபத்து ஓர் ஆண்டில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்து, பின் வரும் ஆண்டுகளில் தொடர்ந்து இறங்குகிறது. முப்பது ஆண்டுகள் புகைத்துவிட்டேன், இனி நிறுத்தி என்ன பயன் என்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். குறுகிய குழாய் பழையபடி விரிய நீண்ட காலம் ஆகலாம், விரியாமலும் போகலாம். ஆனால் கட்டி உருவாகும் போக்கு மாறத் தொடங்குவதை வாரக்கணக்கிலேயே எதிர்பார்க்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. புகையை நிறுத்துபவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ எடை கூடுகிறது. வயிற்றில் சேரும் கொழுப்பும் பி.ஏ.ஐ.-1-ஐச் சுரக்கும், இன்சுலின் எதிர்ப்பு நிலையும் அதைக் கூட்டும். எடை கூடினாலும் நிறுத்துவதன் நன்மையே பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் புகையால் ஏறிய தடுப்புப் புரதத்தை இறக்கிவிட்டு வயிற்றுக் கொழுப்பால் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அதனால் நிறுத்தும் நாளிலிருந்தே உடற்பயிற்சியையும் தொடங்குங்கள். அசைவின்றி வாழ்ந்த நடுவயது கடந்த ஆண்கள் மூன்று மாதம் சீராக நடைப்பயிற்சி போன்றவற்றைச் செய்தபோது, அவர்களின் ரத்தக்குழாய்கள் டி.பி.ஏ. சுரக்கும் திறன் உயர்ந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தத் திறனை நேரடியாக வளர்க்கக்கூடிய பழக்கங்களில் இதைவிடத் தெளிவான சான்று உள்ள ஒன்றை நான் அறியேன். வாரத்துக்கு 150 நிமிடங்கள், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில் நடப்பது போதுமான தொடக்கம். நடக்கும்போது நெஞ்சிலோ கெண்டைக்காலிலோ வலி வந்து, நின்றால் அடங்குமானால், பயிற்சியைத் தொடராமல் மருத்துவரைப் பாருங்கள்.

குறுக்குவழிகளைப் பற்றி

தினமும் ஓர் ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் புகையின் தீங்கு ஈடாகிவிடும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கிறது. உருவான ஃபைப்ரின் வலையைக் கரைப்பதில்லை. இரைப்பையிலும் மூளையிலும் ரத்தக்கசிவை உண்டாக்கும் ஆபத்து அதற்கு இருப்பதால், மருத்துவர் சொல்லாமல் நாள்தோறும் எடுக்கக் கூடாது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் நாட்டோகைனேஸ் போன்ற துணைப்பொருள்கள் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ தடுப்பதாக நிறுவப்படவில்லை. உறைவுத் தடுப்பு மருந்துகளோடு சேர்ந்தால் அவை ரத்தக்கசிவை வரவழைக்கலாம். மின் சிகரெட்டில் எரிதல் இல்லாததால் கார்பன் மோனாக்சைடு குறைவு என்பது உண்மை. ஆனால் அதன் ஆவியும் எண்டோதீலியத்தைப் பாதிக்கிறது. சிகரெட்டையும் அதையும் மாறி மாறிப் பயன்படுத்துபவருக்கு ரத்தக்குழாய் அளவில் கிடைக்கும் ஆதாயம் மிகக் குறைவு.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களும் பெண்களும் அறிய வேண்டியவை

உறைவுத் தடுப்பு மருந்துகள் கட்டியைக் கரைக்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். வார்ஃபரின், ஹெப்பாரின், புதிய வகை மாத்திரைகள் எல்லாமே கட்டி மேலும் வளராமல் தடுப்பவை. இருக்கும் கட்டியைக் கரைப்பது அந்த இடைவெளியில் உங்கள் உடலின் சொந்த ஏற்பாடுதான். காலில் கட்டி வந்து மருந்தில் இருப்பவர் புகைத்துக்கொண்டே இருந்தால், மருந்து எதை நம்பித் தரப்படுகிறதோ அதையே பலவீனப்படுத்துகிறார்.

புகையில் உள்ள பொருள்கள் கல்லீரலின் சில நொதிகளைத் தூண்டி, வார்ஃபரின் உள்ளிட்ட சில மருந்துகளை வேகமாகச் சிதைக்கச் செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்தத் தூண்டுதல் நின்று, அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்யலாம். எனவே வார்ஃபரின் எடுப்பவர்கள் நிறுத்தும் நாளை மருத்துவரிடம் முன்பே சொல்லி, அடுத்த வாரங்களில், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்துகொள்ள வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் புகையும் சேர்வது தனிப்பட்ட ஆபத்து. 35 வயதைக் கடந்து, நாளுக்கு 15 அல்லது அதற்கு மேல் புகைக்கும் பெண்கள் அந்த மாத்திரைகளை எடுக்கவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதைவிடக் குறைவாகப் புகைத்தாலும், அந்த வயதில் வேறு முறைகளே பரிந்துரைக்கப்படுகின்றன. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் குறைந்தது நான்கு வாரங்கள் முன்பே புகையை நிறுத்தினால் சிக்கல்கள் குறையும். நான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும் பயணங்களில் இடையிடையே எழுந்து நடப்பதும், அமர்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும் காலில் ரத்தம் தேங்காமல் காக்கும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தோல் சூடாகிச் சிவந்திருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்தக் காலைத் தேய்த்துவிடவோ பிடித்துவிடவோ வேண்டாம். திடீர் மூச்சுத்திணறல், ஆழமாக மூச்சிழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் ஆகியவை கட்டி நுரையீரலுக்குப் போயிருப்பதைக் குறிக்கலாம். நெஞ்சின் நடுவில் அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி வியர்ப்பதும், முகம் ஒருபுறம் கோணுவதும், ஒரு கை தானாகத் தாழ்வதும், பேச்சு குழறுவதும் அவசர நிலைகள். அவற்றில் வலி குறைகிறதா, பேச்சு தெளிகிறதா என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பக்கவாதத்துக்குக் கொடுக்கப்படும் ஆல்டெப்ளேஸ் என்ற ஊசி மருந்து, ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட டி.பி.ஏ.தான். உடலால் போதிய அளவு சுரக்க முடியாததை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் அது வழக்கமாகத் தரப்படுகிறது. அதிலும் முன்கூட்டிக் கொடுக்கப்படும் ஒவ்வொரு நிமிடமும் மூளைத்திசுவைக் காக்கிறது. எனவே உடன் இருப்பவர்கள் நோயாளி கடைசியாக எந்த நேரத்தில் நலமாகக் காணப்பட்டார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் எடுக்கும் மருந்துகளின் பெயர்கள், குறிப்பாக உறைவுத் தடுப்பு மருந்துகளைக் கடைசியாக எடுத்த நேரம், அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை அல்லது தலைக்காயம், எத்தனை ஆண்டுகளாக எவ்வளவு புகைக்கிறார் என்ற விவரம் ஆகியவற்றையும் வண்டியில் ஏறும்போதே ஒரு தாளில் எழுதி, முதலில் பார்க்கும் மருத்துவரின் கையில் கொடுத்துவிடுங்கள்.